ஒரு தக்கைத் தகட்டின் வரலாறு

அமெரிக்காவில் பல வீடுகளை ஒட்டிக் கார் நிறுத்தும் கொட்டகை இருக்கும். காலையில் வண்டியை வெளியே எடுத்தபின் அதன் சிமெண்டுத் தரையில் சிவப்பாக இரண்டு மூன்று எண்ணெய்ச் சொட்டுகள் தென்பட்டால், விவரம் தெரிந்த வீட்டுக்காரருக்குச் செய்தி உடனே விளங்கிவிடும். எஞ்சின் எண்ணெய் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டது தானியங்கி கியர் பெட்டியின் எண்ணெய். அது கசியும் இடங்களுள் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்டியின் அடியில் பூட்டப்பட்டுள்ள எண்ணெய்த் தட்டின் விளிம்பு. தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. நம் பட்டறைகளில் 'பேக்கிங்' என்றும் 'கேஸ்கெட்' என்றும் சொல்கிறார்களே, அதுதான்.

பட்டறைக் கூலி மிகுந்த அந்நாட்டில் பலர் விடுமுறை நாளில் தாமே வண்டியின் அடியில் படுத்து இந்தத் தகட்டை மாற்றுவது வழக்கமாயிற்று. மாற்றிய சில நாட்களில் மறுபடி சொட்டுவதும் அதே அளவுக்கு வழக்கமாயிற்று. போல்ட்டுகளை இன்னும் சற்று இறுக்கினால் நின்றுவிடும் என்று இறுக்குவார்கள். இறுக்க இறுக்கக் கசிவு கூடும்! இது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, அந்தத் தட்டில் தங்கும் எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதைத் தடுத்து நிற்கும் தக்கை எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கதைகளையும் பார்க்க வேண்டும்.

எண்ணெயில் ஓடும் விசை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களில் நீராவி டர்பைன்கள் புகுந்தன. டர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் திறம்பட வேலை செய்யும். கப்பலின் உந்து சுழலியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன்படும். இவ்விரண்டையும் எப்படி இணைப்பது? அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த ஸ்டெட்டின் நகரத்தில் (இன்று அது போலந்தில் உள்ளது) வல்கன் கப்பல் கட்டுந்துறையில் பணியாற்றிய ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற பொறியாளர் 1905-இல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். ஒரே உறைக்குள் எதிரெதிராக இரண்டு இறக்கைச் சக்கரங்கள். உறை முழுதும் நீர்மம். எஞ்சினோடு பூட்டிய சக்கரம் நீர்மத்தை வீசி எறிகிறது; எறியப்பட்ட நீர்மம் மற்றச் சக்கரத்தின் இறக்கைகளை மோதிச் சுழற்றுகிறது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதுவே. உலோகமும் உலோகமும் தொடாமலேயே விசை கடத்தப்படுகிறது.

முழுத் தானியங்கிப் பெட்டியின் பகுதியாக இது கார்களுக்கு வந்து சேர ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்சன் தலைமையில் உருவான 'ஹைட்ராமேட்டிக்' பெட்டி 1939-இல் அறிவிக்கப்பட்டு, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் விற்பனைக்கு வந்தது. நீர்ம இணைப்பு ஒன்று, அதன் பின்னால், நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் கோள்களைப்போல் வலம்வரும் அமைப்பு, நான்கு வேகங்கள். கிளட்ச் மிதி கிடையாது. எந்த வேகத்தில் எந்தப் பல்சக்கரத் தொகுதி இயங்க வேண்டும் என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்து, உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளையும் பட்டைகளையும் இறுக்கியும் தளர்த்தியும் நடத்தியது. போர் வந்தபோது அமெரிக்காவின் எம்-5 இலகு டாங்கிகளில் இதே பெட்டிகளைப் பொருத்தினார்கள். போருக்குப் பின் 1948 மாடல் பியூக் கார்களில், முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கும் மாற்றியுடன் கூடிய 'டைனாஃபுளோ' வந்தது.

ஆக, விசையைக் கடத்துவது, கட்டளையைச் சுமப்பது, உராய்வுத் தகடுகளைக் குளிர்விப்பது, உயவிடுவது ஆகிய நான்கு வேலைகளும் ஒரே எண்ணெயின் தலையில் விழுந்தன. பெட்டிக்குள் வேலை முடித்த எண்ணெயெல்லாம் கடைசியில் வழிந்து வந்து தங்குமிடம்தான் அடியிலுள்ள அந்தத் தகரத் தட்டு. அங்கிருந்து பம்பு அதை வடிகட்டியின் வழியே மறுபடி மேலே இழுக்கிறது. தட்டில் எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். காற்றுக்குமிழி கலந்த எண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. கிளட்ச் தகடுகள் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறிக் கருகும். சில ரூபாய்த் தகடு விட்ட கசிவினால் முழுப் பெட்டியும் போய்விடக்கூடும்.

ஹூக் கண்ட தக்கை

இனித் தக்கையின் கதை. மத்தியதரைக்கடலின் மேற்குப் பகுதியில், போர்த்துகல், ஸ்பெயின், அல்ஜீரியா முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையே தக்கை. மரத்துக்கு இருபத்தைந்து வயதளவில் முதல் உரிப்பு. பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். மரம் சாவதில்லை, பட்டை மீண்டும் வளர்கிறது.

1665-இல் இலண்டனில் இராபர்ட் ஹூக் கூரிய கத்தியால் இந்தத் தக்கையை மெல்லிய சீவலாக வெட்டித் தம் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். தேன்கூடு போன்ற சின்னஞ்சிறு அறைகள் தெரிந்தன. ஒரு கன அங்குலத்தில் அவை நூற்றிருபது கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார். 'செல்' என்ற சொல் உயிரியலுக்குக் கிடைத்தது அன்றுதான் என்று நம் பள்ளிப் பாடநூல்களில் படிக்கிறோம். ஆனால் அவர் ஏன் தக்கையை எடுத்தார் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. தக்கை ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது, அமுக்கினால் ஏன் சுருங்குகிறது, விட்டால் ஏன் நிமிர்கிறது என்ற கேள்விகளுக்கு அவர் விடை தேடினார். மூடிய அறைகளில் காற்று அடைபட்டிருப்பதே காரணம் என்று கண்டார். அது உயிரியல் கேள்வி என்பதைவிட இயற்பியல் கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. இதே ஹூக்தான் 1678-இல், சுருள்வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியையும் வெளியிட்டார். எண்ணெய்த் தட்டின் விளிம்பில் இவ்விரண்டு கண்டுபிடிப்புகளும் சந்திக்கின்றன. போல்ட் என்பது இழுக்கப்பட்ட ஒரு வில். நடுவிலுள்ள தகடு அமுக்கப்பட்ட ஒரு வில்.

மரப்பட்டையிலிருந்து, தட்டின் விளிம்பைப்போல் பெரிய சட்டம் ஒன்றை ஒரே துண்டாக வெட்ட இயலாது. 1890-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் ஸ்மித் என்பவர் தக்கைத் தூளை ஒன்றாகக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மிதவைச் சட்டைகளுக்குத் தக்கை நிரப்பும் தகரக் குழாய் ஒன்று தற்செயலாக நெருப்பில் விழுந்து, மறுநாள் எடுத்துப் பார்த்தபோது தூள் கட்டியாகியிருந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கண்டுபிடிப்புகளைச் சுற்றி இத்தகைய கதைகள் படர்வது வழக்கம். எப்படியாயினும், கழிவாக எறியப்பட்ட தூளுக்கு விலை வந்தது. தூளை விலங்குப் பசை, கிளிசரின் போன்றவற்றால் பிணைத்து, பெரிய தகடுகளாக்கி, எந்த வடிவத்திலும் துளையிட்டு வெட்டினார்கள். கார்த் தொழில் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டது. நம் நாட்டு அம்பாசடர் காரின் டாப்பெட் மூடியின் கீழ் இருந்ததும் இத்தகைய தக்கைத் தகடுதான். அங்கிருந்து எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்திறங்கும் எண்ணெய்க் கறையைப் பார்க்காத அம்பாசடர்க்காரர் அநேகமாக இருக்க மாட்டார்.

ஹைட்ராமேட்டிக் வெளிவந்த அதே காலத்தில் ஐரோப்பியப் போரும் வந்தது. தக்கை முழுவதையும் கடல்கடந்து தருவித்த அமெரிக்கா கவலை கொண்டது. கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் தக்கை ஓக் நாற்றுகளை நட்டு வளர்க்கும் இயக்கம் ஒன்று நடந்தது. முதல் உரிப்புக்கு இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டிய மரம் போருக்கு எப்படி உதவும் என்று நட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.

ஒரு டன் இறுக்கமும் நான்கு கிராம் அழுத்தமும்

இப்போது கசிவுக்கு வருவோம். 1964-இல் வெளிவந்த 'டர்போ ஹைட்ராமேட்டிக் 400' என்ற பெயர்பெற்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் தட்டை 13 போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 5/16 அங்குலக் கனம். சுமார் 12 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 16 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், எளிய கணக்குப்படி ஒரு போல்ட்டில் 10,000 நியூட்டன் அளவில் இழுவிசை தோன்றும். இது ஏறத்தாழ ஒரு டன் எடை! பதின்மூன்று போல்ட்டுகளும் சேர்ந்தால் பதின்மூன்று டன்.

இவ்வளவு விசை எதைத் தடுக்க? பெட்டியின் உட்குழாய்களில் எண்ணெய் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 10 கிலோகிராம் வரை போகும். பின்னோக்கி ஓட்டும்போது அதற்கும் மேல். ஆனால் அந்த அழுத்தம் தட்டுக்கு வருவதில்லை. பெட்டிக்குக் காற்றுத் துளை உண்டு. ஆகவே தட்டிலுள்ள எண்ணெய் வளிமண்டல அழுத்தத்திலேயே கிடக்கிறது. எண்ணெயின் ஆழம் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் எடையால் விளிம்பில் வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம்தான்! ஒரு குவளைத் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தத்தைவிடக் குறைவு.

எனவே தகட்டின் வேலை அழுத்தத்தை எதிர்த்து நிற்பது அன்று. பெட்டியின் அலுமினிய முகமும் தகரத் தட்டின் விளிம்பும் எங்கும் துல்லியமாகச் சமதளமாக இருப்பதில்லை. அந்த இடைவெளிகளை நிரப்புவதே அதன் வேலை. 80, 90 டிகிரி செல்சியஸில் நீர்த்துப்போன எண்ணெய் முடியளவு இடைவெளியிலும் நுண்புழையேற்றத்தால் ஊர்ந்து வெளிவரும். நிரப்புவதற்கு வேண்டியது பெரிய விசை அன்று. எல்லா இடத்திலும் ஒரே அளவான விசை.

வீட்டில் இறுக்குபவர் தவறுவது இங்கேதான். கையிலுள்ள ஸ்பானரால் ஒரு போல்ட்டை அழுத்தித் திருகும்போது, தகர விளிம்பு அந்தத் துளையைச் சுற்றிக் குழிகிறது. குழிந்த இடத்தில் தக்கை நசுங்குகிறது. இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே விளிம்பு கீழ்நோக்கி வளைந்து தக்கையை விட்டு விலகுகிறது. அந்த இடைவெளியில் எண்ணெய் வருகிறது. வந்ததைப் பார்த்து மேலும் திருகினால் குழி மேலும் ஆழமாகும். சில வேளை போல்ட் பெட்டியின் மெல்லிய அலுமினியப் புரியையே உரித்துக்கொண்டு வந்துவிடும். அதன்பின் புதுப் புரி போடாமல் காரியமில்லை. அனுபவமுள்ளவர்கள் தட்டைக் கழற்றியதும் முதலில் செய்வது, விளிம்பை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, துளையைச் சுற்றியுள்ள குழிவைச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துவதுதான். பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் கைவிரலால் பூட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு எதிரெதிராக, சிறிது சிறிதாக, இரண்டு மூன்று சுற்றுகளில், அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குகிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் போல்ட் மிகக் குட்டையானது. முழு ஒரு டன் இழுவையிலும் அது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே. மூன்று மில்லிமீட்டர் தக்கை, சூட்டிலும் அழுத்தத்திலும் நாளடைவில் தளர்ந்து அதைப்போல் பத்து மடங்கு மெலிந்துவிட்டால், போல்ட் என்ற வில் என்ன செய்யும்? அதன் இழுவை போய்விடும். நெட்டையான வில்லாக இருந்தால் பின்தொடர்ந்து அழுத்தியிருக்கும். ஆகவே எண்ணெயைக் காக்கும் பொறுப்பு தக்கையின் சொந்த மீள்திறனையே சார்ந்திருந்தது.

அந்த மீள்திறனில் தக்கைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஒரு பொருளை ஒரு திசையில் அமுக்கினால் அது பக்கவாட்டில் புடைக்கும். இதை அளப்பது பாய்சான் விகிதம். இரப்பருக்கு இது ஏறக்குறைய 0.5. எஃகுக்குச் சுமார் 0.3. தக்கைக்கோ அநேகமாகச் சுழி! அமுக்கினால் செல் அறைகள் துருத்திபோல் மடிந்து உள்ளடங்குகின்றன, பக்கத்தில் புடைப்பதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் தக்கை அடைப்பானையும் இரப்பர் அடைப்பானையும் குப்பியில் செருகிப் பார்த்த மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கையாலேயே உணர்ந்திருப்பார்கள். அளவுக்கு மீறி இறுக்கிய இரப்பர்த் தகடு போல்ட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறும். தக்கை பிதுங்காது, ஆனால் நசுங்கிப் பிளந்துவிடும். காய்ந்தால் சுருங்கவும் செய்யும். கடையில் பல மாதம் கிடந்த தகட்டின் துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்தாமல் போனதுண்டு. அதைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ஈரத்தை ஏற்றுப் பழைய அளவுக்கு வரும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைவைத்தியம்.

திமிங்கிலம் விட்டுச் சென்ற இடம்

தகட்டின் கதை அது தடுக்கும் எண்ணெயின் கதையோடும் பின்னியது. கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றும்போது, வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வு கூடினால், கடைசி நொடியில் வண்டி வெடுக்கென்று குலுங்கும். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று படித்திருக்கிறோமே, அதன் விளைவு. குலுக்கலைத் தவிர்க்க, உலோகப் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை எண்ணெயில் சேர்க்க வேண்டும். அதற்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். வேதியியல்படி அது நீர்ம மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் நன்கு தாங்கும். திமிங்கில எண்ணெய் விளக்குகள் மறைந்து நூறாண்டு ஆகியும், அமெரிக்கச் சாலைகளில் ஓடிய தானியங்கிக் கார்களின் தட்டுகளில் திமிங்கிலத்தின் ஒரு பங்கு இருந்துகொண்டேயிருந்தது.

1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெயின் இறக்குமதி நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் மாற்றுப் பொருள் தேடி ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த 'டெக்ஸ்ரான்' என்ற தர அளவு 'டெக்ஸ்ரான்-2' ஆக மாறியது. புதிய எண்ணெயில் முதலில் வந்த ஒரு வகை, ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் குளிர்விப்பானின் உலோகப் பற்றுகளை அரித்தது. அரிப்புத் தடுப்பான் சேர்த்துத் திருத்தினார்கள். பாலைநிலச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெயும் திமிங்கில எண்ணெயைப் போலவே நீர்ம மெழுகு என்பதால் ஆய்வாளர்களின் கவனம் அதன்மேல் திரும்பியது. வேட்டைக்குப் பன்னாட்டுத் தடை 1982-இல் முடிவாகி 1986-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு விலங்கைக் கொல்லாமலே அந்த வேலையைச் செய்துகொள்ள முடிந்தது என்பது, முடியவே முடியாது என்று வாதிட்டவர்களுக்கு நல்ல விடை.

எண்ணெய் மாறினால் அதைத் தொடும் இரப்பரும் மாற வேண்டும். இயற்கை இரப்பர் கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். 1930-களில் பிறந்த நியோப்ரீன், நைட்ரைல் ஆகிய செயற்கை இரப்பர்களே எண்ணெயைத் தாங்கின. தக்கைத் தூளை இவற்றோடு கலந்த தகடுகள் வந்தன. தக்கை புடைக்காமல் அமுங்கும், இரப்பர் உலர்ந்து சுருங்காமல் காக்கும். பிறகு, நடுவில் எஃகுத் தகடும் இருபுறமும் இரப்பர் வரம்பும் கொண்டவை வந்தன. இவற்றின் துளைகளில் சிறு எஃகு வளையம் இருக்கும். எவ்வளவு முரட்டுக் கை திருகினாலும் வளையத்துக்கு மேல் இரப்பர் அமுங்காது. நாற்பது ஆண்டுக்காலம் வீட்டு மெக்கானிக்குகளைத் திட்டிக்கொண்டிராமல் இதை முன்பே செய்திருக்கலாம்!

காற்றின் ஈரத்தால் இறுகும் சிலிக்கோன் பசையும் புழக்கத்துக்கு வந்தது. குழாயிலிருந்து பிதுக்கும்போது புளிக்காடி வாசனை வருகிறதல்லவா? இறுகும்போது வெளியேறும் அசெட்டிக் அமிலம் அது. சில தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்களே இதைத்தான் விதித்தனர். ஆனால் தகட்டையும் வைத்து, அதன்மேல் இதையும் தாராளமாகப் பூசுபவர் உண்டு. உட்புறம் பிதுங்கிய பசை இழை அறுந்து எண்ணெயில் மிதந்து வடிகட்டியை அடைக்கும். பழைய தகட்டைச் சுரண்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பழங்காலக் கார்களின் சில கேஸ்கெட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. காய்ந்த நிலையில் சுழல் தூரிகையால் தேய்த்தால் அதன் இழைகள் நுரையீரலுக்குள் போகும். ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பதே முறை. அலுமினிய முகத்திலும் கீறல் விழாது.

இப்போதைய பல பெட்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் கோலே கிடையாது. ஜெர்மனியின் இஸட்.எஃப். நிறுவனம் 2001 முதல் கார்களுக்குத் தந்த ஆறு வேகப் பெட்டிகளில் பலவற்றின் தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. வடிகட்டி அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. வடிகட்டியை மாற்ற வேண்டுமானால் தட்டையே மாற்ற வேண்டும். பழைய கார்களைப் பேணுபவர்களுக்கோ தக்கைத் தகடு இன்றும் விற்கிறது. தம் காரின் பெட்டி எது என்று தெரியாமல் கடைக்குப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது தட்டின் வடிவத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும்தான். ஃபோர்டு சி-4 என்றால் 11. சி-6 என்றால் 17. கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727 என்றால் 14. ஜெனரல் மோட்டார்ஸின் 700-ஆர்-4 என்றால் 16. பதின்மூன்று துளை இருந்து, ஒரு மூலை மட்டும் வெட்டிய சதுரமாக இருந்தால் அது டர்போ ஹைட்ராமேட்டிக் 350. கோணல்மாணலாக இருந்தால் 400.